பச்சையாகவே நின்ற திரை

வேலையில் சேர்ந்த முதல் வாரமே உங்கள் கையில் ஒரு லேப்டாப்பையும் ஒரு வாக்கி-டாக்கியையும் கொடுத்திருப்பார்கள். லேப்டாப்பில் என்ன தட்ட வேண்டும் என்று சொல்லித்தர ஆயிரம் பேர் உண்டு. வயர்லெஸ் போய்விட்டால் முதலில் எந்தக் கட்டளை, அடுத்து எந்தக் கட்டளை என்று இணையத்தில் மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. அதையெல்லாம் இங்கே திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தைக் கெடுக்கப்போவதில்லை. என்னைவிட வேகமாக நீங்களே தேடிக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது, ஒரு முற்பகலில் என் வாக்கி-டாக்கி மேசைமேல் சும்மா கிடந்த பதினோரு நிமிடங்களைப் பற்றி.

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே, உப்பளங்களை ஒட்டிய ஒரு தனியார் கண்டெய்னர் யார்டில் பதினெட்டு வருடம் நெட்வொர்க் பார்த்தேன். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகள் சுங்கச் சோதனைக்கும், சரக்கைப் பிரிப்பதற்கும் எங்களிடம் வரும். ஒரு முனையில் ஆபீஸ். மறுமுனையில், முக்கால் கிலோமீட்டர் தள்ளி, ஏழாம் ஷெட். நடுவில் ஐந்தடுக்கு, நாலடுக்கு என்று பெட்டிகள். கேபிள் இழுத்தால் லாரி அறுத்துவிடும் என்பதால் ஆபீஸ் கம்பத்திலிருந்து ஷெட்டுக்கு வயர்லெஸ்தான்.

ஷெட் வாசலில் சுவரோடு ஒரு சின்ன லினக்ஸ் பெட்டியும் திரையும் மாட்டியிருந்தோம். அன்றைக்குப் பிரிக்க வேண்டிய கண்டெய்னர்களின் எண்கள் அதில் வரும். பச்சை என்றால் திறக்கலாம். சிவப்பு என்றால் தொடக்கூடாது. இவ்வளவுதான். சுமை தூக்குகிறவர்கள் கடைசி இரண்டு எண்ணையும் நிறத்தையும் பார்ப்பார்கள், கதவில் போட்டிருக்கும் சீல் முத்திரையை வெட்டுவார்கள், வேலையைத் தொடங்குவார்கள். அவர்களுடைய செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், சுங்கக் கட்டுப்பாட்டு இடம் என்பதால். வாக்கி-டாக்கியும் அவர்களுக்குக் கிடையாது. ஆக அவர்களுக்கும் ஆபீசுக்கும் இடையில் பேசியது அந்தத் திரை ஒன்றுதான்.

அந்தத் திரையில் நான் ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். ஆரம்பத்தில் வயர்லெஸ் அறுந்தால் திரை கறுத்துப்போகும். கறுத்தால் ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தால் யார்டு மேனேஜர் என் தலையில் ஏறுவார். நாளுக்கு நாலு தடவை இந்தக் கூத்து. ஒருநாள் எரிச்சலில் ஒரு சின்ன மாற்றம் எழுதினேன்: இணைப்பு போனாலும் கடைசியாக வந்த பக்கம் அப்படியே நிற்கும், புதுப்பக்கம் வந்த பிறகுதான் மாறும். அத்தோடு புகார் நின்றது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். என் வேலை நாட்களில் நான் செய்த ஆகப்பெரிய தப்புக்குத்தான் எனக்குக் கைதட்டல் கிடைத்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அது ஆப்பிரிக்க முந்திரிக்கொட்டை வந்து இறங்கும் பருவம். வெயில் மண்டையைப் பிளக்கும். முந்திரிப் பெட்டிகளில் பூச்சி இருக்கும் என்று, திறப்பதற்கு முன் மருந்துக் கம்பெனிக்காரர்கள் உள்ளே விஷ வாயுவைச் செலுத்தி அடைத்து வைப்பார்கள். பிறகு கதவைத் திறந்து காற்றாட விட்டு, அளந்து பார்த்து, மறுபடி மூடிச் சீல் வைத்து, சான்று கொடுப்பார்கள். சான்று வந்த பிறகுதான் ஆபீசில் எப்சிபா பச்சை போடுவாள். நாசரேத்துக்காரி. காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் போவாள். ஒரு புள்ளி விடுபட்டாலும் விடமாட்டாள். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. மூக்கு காட்டிக்கொடுக்காது என்பதால்தான் இத்தனை பச்சையும் சிவப்பும்.

அன்று காலையிலிருந்தே ஏழாம் ஷெட் இணைப்பு நொண்டிக்கொண்டிருந்தது. பத்தே முக்கால் வாக்கில் ஆபீசில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, அதே நொண்டி வயர்லெஸ் வழியாகவே ஷெட் பெட்டிக்குள் நுழைந்தேன். சிக்னல் எவ்வளவு என்று கேட்டேன். மைனஸ் எண்பத்தாறு என்றது, அதாவது ஏறக்குறையச் செத்த சிக்னல். முந்தின நாள் வரை அறுபதைத் தாண்டாத இடம். யோசிக்கிற ஆளாக இருந்தால் அந்த எண்ணைப் பார்த்ததுமே எழுந்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்திருப்பான். நான் திரையைத்தான் பார்த்தேன். டிரைவர் மென்பொருள் மக்கர் பண்ணுகிறது, வயர்லெஸ்ஸை ஒருமுறை இறக்கி ஏற்றினால் சரியாகிவிடும் என்று முடிவுகட்டினேன்.

இதைச் செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. இறக்கும் கட்டளையையும் ஏற்றும் கட்டளையையும் ஒரே வரியில் சேர்த்து அடிக்க வேண்டும். அல்லது, ஐந்து நிமிடத்தில் பெட்டி தானாகவே ரீபூட் ஆகும்படி முதலில் சொல்லி வைத்துவிட்டு அப்புறம் கைவைக்க வேண்டும். எனக்குத் தெரியாததா? நானே நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன். நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டாதே என்று எனக்குத் தொழில் பழக்கியவர் ஒருவர், பெயர் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு தடவை சொல்வார். இருந்தும் அன்றைக்கு விரல் முந்திக்கொண்டது.

ip link set wlan0 down

என்டர் தட்டினேன். தட்டிய அதே நொடியில் உறைத்தது. எந்த வயர்லெஸ் வழியாக உள்ளே போயிருந்தேனோ அதையே அணைத்துவிட்டேன். கர்சர் அப்படியே நின்றது. வீட்டுக்குள் ஆளே இல்லாமல் உள்தாழ்ப்பாள் விழுந்தது போன்ற நிலை. இனி உலகத்தில் எங்கிருந்து கூப்பிட்டாலும் அந்தப் பெட்டி கேட்காது. ஒரு கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ஏழாம் ஷெட்டுக்கே போய், அதில் செருகி, ஏற்றிவிட்டால் மட்டும்தான் உண்டு.

அதுவரைக்கும் இது வெறும் மானப்பிரச்சினைதான். ஒரு டீ குடித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் சைக்கிளில் போய்ச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் மருந்துக் கம்பெனிக்காரர் ஓடிவந்தார். சட்டை முழுக்க வியர்வை. மூச்சு வாங்கியது.

"மேடம், முப்பத்தெட்டுக்குக் குடுத்த சான்று தப்பு. காத்தாட விட்டது பக்கத்துப் பெட்டியை. முப்பத்தெட்டு இன்னும் தொறக்கவே இல்ல. உள்ள மருந்து அப்படியே நிக்கி."

பக்கத்துப் பெட்டியின் கதவைத் திறந்து காற்றாட விட்டவர் ஒருவர். முப்பத்தெட்டில் ஒட்டியிருந்த விஷ வாயு எச்சரிக்கை ஸ்டிக்கரைக் கிழித்தவர் இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே பெட்டியைத்தான் பார்க்கிறோம் என்று நினைத்திருக்கிறார்கள். ஆக முப்பத்தெட்டின் கதவில் ஸ்டிக்கரும் இல்லை. பெட்டி ஏழாம் ஷெட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

எப்சிபா கீபோர்டை இழுத்தாள். விறுவிறுவென்று தட்டினாள். ஆபீஸ் திரையில் முப்பத்தெட்டு சிவப்பானது. மணி பதினொன்று இரண்டு. நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, சிவப்பு போட்டுட்டேன். செட்ல தெரிஞ்சிரும்லா?"

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது: தெரியாது. அங்கே பச்சை நிற்கிறது, நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"தெரியும், தெரியும். ரெண்டு நிமிசம்."

அவள் நம்பினாள். ஏன் நம்ப மாட்டாள்? இத்தனை வருடமாக அந்த இணைப்புகளைப் பார்க்கிறவன் சொல்கிறேன். மருந்துக்காரர் பெருமூச்சு விட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அறையில் எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஏழாம் ஷெட்டில் முப்பத்தெட்டு இன்னும் பச்சையாக நிற்கிறது என்பது அந்த அறையில் என் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும்.

வாக்கி-டாக்கி என் இடது கைக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்து, பொத்தானை அமுக்கி, "ஏழாம் ஷெட்டில் முப்பத்தெட்டைத் திறக்காதே" என்று சொல்லியிருந்தால், அக்கம்பக்கத்தில் வண்டியோடு நிற்கிற யாராவது போய்த் தடுத்திருப்பார்கள், கதை அங்கேயே முடிந்திருக்கும். பத்து நொடி வேலை. ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன், வெட்கம்.

எங்கள் யார்டில் எல்லோருக்கும் ஒரே சேனல். மேனேஜர், கேட் காவல், பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறவர்கள், சரக்குக் கணக்கெழுதும் டாலி கிளார்க், அத்தனை பேர் காதிலும் விழும். யாராவது அதில் ஒரு தப்பைச் சொல்லிவிட்டால், அன்று மாலை டீக்கடையில் அவன்தான் பலகாரம். முந்தின வருடம் ஒருநாள், சர்வர் போய்விட்டது, எல்லோரும் நிறுத்துங்கள் என்று நான் அலறியிருந்தேன். பார்த்தால், பிளக்கை என் காலே தட்டிவிட்டிருந்தது. அன்றிலிருந்து எனக்கு 'பிளக் அண்ணாச்சி' என்று பெயர். பச்சைப்பிள்ளைகூட என்னை அப்படித்தான் கூப்பிட்டது. இப்போது இன்னொன்றா என்று மனசு கூசியது. அதற்குள் சரிசெய்துவிடலாம், ஒருவருக்கும் தெரியவேண்டாம் என்று ஒரு ஆசை.

ஆகவே தட்டினேன். ஷெட் பெட்டி விழித்திருக்கிறதா என்று கேட்கப் பிங் போட்டேன். பதில் இல்லை. மறுபடியும் போட்டேன். பதில் இல்லை. கம்பத்தில் இருக்கும் கருவிக்குள் போய், யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று பட்டியல் பார்த்தேன். ஷெட் பெட்டி அதில் இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தும் பட்டியலை இரண்டாம் முறை மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பிறகு கம்பத்துக் கருவியையே ரீபூட் செய்தேன். அது எழுந்து வர மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமும் திரையையே வெறித்துக்கொண்டிருந்தேன். அது எழுந்து வந்து ஒரு பிரயோசனமும் இல்லை, அணைந்திருப்பது மறுமுனை. இதை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் கை விசைப்பலகைமேல் இருக்கும்வரை ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு இருக்கிறதே, அது கள்ளைவிட மோசம். எழுந்து ஓடினால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும். தட்டிக்கொண்டே இருந்தால் தப்பு இன்னும் நடக்கவில்லை.

முதுகில் வியர்வை வழிந்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஷெட் மேஸ்திரி சுடலைமுத்து அண்ணாச்சியின் குழுவில் நாலு பேர் என்பதும், அவர்கள் பட்டியலில் அடுத்த பெட்டி எது என்பதும் எனக்கு மனப்பாடம். அடுத்தது முப்பத்தெட்டுதான். மணி பதினொன்று எட்டு. பதினொன்று பத்து. ஏழாவது முறையாகவோ எட்டாவது முறையாகவோ பிங் போட்டேன்.

எப்சிபா ஏதோ கோப்பெடுக்க என் பின்னால் வந்தவள் நின்றுவிட்டாள். திரையைப் பார்த்தாள். வரிசையாகப் பதில் இல்லை, பதில் இல்லை என்று ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு லினக்ஸ் தெரியாது. என் முகம் தெரியும்.

"அண்ணே... அங்கன இன்னும் பச்சையா?"

என் விரல் இன்னொரு பிங் தட்டியது.

அவள் என்னைத் தாண்டிக் கையை நீட்டி வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

"எல்லாரும் கேளுங்க. ஏழாம் செட்டு முப்பத்தெட்டைத் தொறக்காதீங்க. உள்ள கேஸ் இருக்கு. மிக்கேல் அண்ணாச்சி, எங்கன நிக்கிய? ஓடிப்போய்ச் சொல்லுங்க!"

மிக்கேல் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். கடற்கரைக்காரர், எப்போதும் பாட்டும் கேலியுமாக இருப்பார். அன்று அவர் குரல் வேறாக இருந்தது.

"ஏளா, நான் ரெண்டாம் வரிசையில நிக்கேன். அவங்க தொறந்துட்டாவளான்னு இங்கேயிருந்து தெரியல. இந்தா போறேன்."

மணி பதினொன்று பதிமூன்று. நான் கீபோர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். தூரத்தில் மிக்கேலின் ஹாரன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. நாலாம் வரிசை திரும்பியதும் ஒரு கணம் திகைத்தேன். ஆபீஸ் கம்பத்துக்கும் ஷெட்டுக்கும் நேர் நடுவில், முந்தின நாள் வெறும் தரையாக இருந்த இடத்தில், ஐந்தடுக்கு முந்திரிப் பெட்டிகள் இரும்புச் சுவராக நின்றன. அன்று காலையில் அடுக்கியது. மைனஸ் எண்பத்தாறு என்று பெட்டி சொன்னது இதைத்தான். டிரைவருக்கும் ஒன்றுமில்லை, வயர்லெஸ்ஸுக்கும் ஒன்றுமில்லை. நமது தொழிலில் மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத தொல்லை இது: இங்கே சுவர்கள் தினமும் இடம் மாறும். அதைக் கண்டுபிடிக்க ஒரு கட்டளையும் வேண்டாம், ஜன்னல் போதும். அந்த ஜன்னலுக்கு என் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நான் காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

ஷெட்டை நெருங்கும்போது முப்பத்தெட்டின் வலக்கதவு பாதி திறந்திருந்தது. வெட்டிய சீல் கீழே கிடந்தது. பெட்டியைச் சுற்றி ஒருவரும் இல்லை. சைக்கிளை எறிந்துவிட்டு, "அண்ணாச்சி! சுடலை அண்ணாச்சி!" என்று கத்தினேன்.

"இங்கன, இங்கன" என்று குரல் வந்தது.

காற்று வரும் பக்கம், இருபது கஜம் தள்ளி, ஷெட் நிழலில் அவர்கள் இருந்தார்கள். மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் தரையில் மண்டியிட்டு வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். இசக்கி. ஏரல் பக்கத்துக்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும், இரண்டு பேர் தூக்கும் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குவான். எப்போதும் பெட்டிக்குள் முதலில் போகிறவன் அவன்தான். கதவு திறந்ததும் உள்ளே ஏறி, மேலடுக்கு மூட்டைகளைத் தளர்த்திக்கொண்டு இருந்திருக்கிறான். மிக்கேல் வந்து ஹாரனடித்ததும் சுடலைமுத்து அண்ணாச்சி அவன் காலைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறார்.

"தல சுத்துது அண்ணாச்சி" என்றான் இசக்கி. "கண்ணு இருட்டுது."

சுங்க வேலையாக வந்திருந்த யாரோ ஒரு கிளியரிங் ஏஜெண்டின் காரில் அவனை ஏற்றினார்கள். கார் போன பிறகு எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். கீபோர்டைச் செருகி, வயர்லெஸ்ஸை ஏற்றினேன். நொண்டி நொண்டியாவது இணைப்பு வந்தது. அத்தனை பேர் கண்முன்னாலும் திரையில் முப்பத்தெட்டு பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியது. சுடலைமுத்து அண்ணாச்சி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காறித் துப்பிவிட்டுப் போனார்.

ஆபீசுக்குத் திரும்பியபோது எப்சிபா என் மேசைக்கு வந்தாள். அழுதிருந்தாள்.

"நான் ஒங்ககிட்ட கேட்டேம்லா அண்ணே" என்றாள்.

இதோடு முடிந்திருந்தால் இதை ஒரு சின்னக் குறிப்பாக உங்களுக்கு எழுதித் தந்திருப்பேன். முடியவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு மேனேஜர் அறையில் விசாரணை. சிஸ்டத்தில் சிவப்பு போட்ட நேரம் பதினொன்று இரண்டு. சுடலைமுத்து அண்ணாச்சியின் டாலி தாளில் சீல் வெட்டிய நேரம் பதினொன்று பத்து. எட்டு நிமிட இடைவெளி. மேனேஜர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்தார்.

"சிவப்பு போட்டு எட்டு நிமிசம் கழிச்சுத் தொறந்திருக்கான். பாக்காமத் தொறந்தா யார் என்ன செய்ய முடியும்?"

"பச்சைதான் சார் இருந்துச்சு" என்றார் சுடலைமுத்து அண்ணாச்சி. "அத்தன பேரும் பாத்தோம்."

"ஒங்க ஆளு மாட்டிக்கிட்டா நீரு அப்படித்தான்வே சொல்வீரு."

எப்சிபா எழுந்தாள். "சார், சிவப்பு போட்டது நான். நேரம் சரி. ஆனா அங்கன என்ன காட்டிச்சுன்னு எனக்குத் தெரியாது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

மேனேஜரும் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டம் ஓடிக்கிட்டுத்தானவே இருந்துச்சு?"

"ஆபீஸ்ல ஓடிக்கிட்டு இருந்துச்சு சார்" என்றேன்.

ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. இதைவிடக் கேவலமான வாக்கியத்தை என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை. மேனேஜர் எழுதிக்கொண்டார்: பணியாளரின் கவனக்குறைவு. கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் இசக்கிக்கு அந்த யார்டு மட்டுமல்ல, துறைமுகத்தைச் சுற்றி எந்த யார்டிலும் கேட் திறக்காது. சுமை தூக்கும் குழுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வார்கள். பெட்டியைப் பார்க்காமல் திறக்கிறவனோடு எவன் வேலை செய்வான்? அவனை நம்பி உள்ளே போகிறவர்களுக்கும் உயிர் ஒன்றுதான்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இசக்கி பிழைத்துக்கொண்டான். ஆனால் மூச்சு பழைய மூச்சு இல்லை. மூட்டை தூக்குவது அத்தோடு போனது. இப்போது அதே யார்டில் டாலி எழுதுகிறான். நான் எழுதிய அந்தச் சின்ன மாற்றத்தை மறுநாளே என் கையாலேயே அழித்தேன். இணைப்பு போனால் திரை கறுக்கும், வேலை நிற்கும், மேனேஜர் கத்துவார். கத்தட்டும். செத்தது செத்ததாகத் தெரிய வேண்டும். உங்களில் யாராவது ஒரு திரையை, பயனருக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று, அறுந்த பிறகும் அழகாக நிற்க வைத்தால், அவர் என் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம்.

இனி அன்று மாலைக்கு வருகிறேன். விசாரணை முடிந்து வீட்டுக்குப் போகக் கிளம்பினேன். கால் தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போனது. எதற்குப் போனேன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அதற்குத் தைரியம் இல்லை. பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன்.

வார்டு வாசலில் அவன் மனைவி நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க அண்ணாச்சி. இவுக பாக்காமத் தொறந்துட்டாவன்னு ஆபீஸ்ல எழுதிட்டாவளாம். சுடலை மாமா வந்து சொல்லிட்டுப் போறாவ. கண்ணு தெரியாத மனுசனா இவுக?"

நான் உள்ளே போனேன். இசக்கி மூக்கில் குழாயோடு படுத்திருந்தான். அவ்வளவு பெரிய உடம்பு கட்டிலில் சுருங்கிக் கிடந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டான். பேசினால் மூச்சு இரைத்தது. விட்டுவிட்டுப் பேசினான்.

"அண்ணாச்சி, நீங்க மிசினு பாக்கிறவியள்லா. உங்களுக்குத் தெரியும். பச்சைதான காட்டிச்சு?"

நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

"நான் பாத்துட்டுத்தான் அண்ணாச்சி உள்ள ஏறுனேன். எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா எல்லாரும் சிவப்புன்னு எழுதியிருக்குன்னு சொல்லுதாவ. படுத்துக்கிட்டு யோசிச்சு யோசிச்சு எனக்கே இப்ப சந்தேகமாயிட்டு. ஒருவேள நான்தான் சரியாப் பாக்கலையோ?"

அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் கூட்டாளிகள் என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தன் சொந்தக் கண்ணையே அந்த மனுஷன் சந்தேகப்படும்படி செய்திருந்தேன். பல வருடமாக எண்ணும் நிறமும் பார்த்துப் பார்த்துப் பிழைத்தவன்.

"பச்சைதான் இசக்கி" என்றேன். "நீ சரியாத்தான் பாத்தே."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூச்சு கொஞ்சம் நிதானமானது போல இருந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. நேராக யார்டுக்குத் திரும்பி, ஏழாம் ஷெட் பெட்டியின் உள்பதிவைத் திறந்தேன். உங்களுக்குத் தெரியும், லினக்ஸ் பெட்டிக்கு முகதாட்சண்யம் கிடையாது. எந்த நொடியில் வயர்லெஸ் இறங்கியது, எந்த நொடியில் ஏறியது, கடைசிப் பக்கம் எப்போது வந்தது, எல்லாம் அங்கே இருந்தது. பத்து ஐம்பத்தொன்றிலிருந்து பதினொன்று இருபத்திரண்டு வரை அது எதையும் கேட்கவில்லை, எதையும் பேசவில்லை. அதற்கு மேலே, என் பெயரில், நான் அடித்த அந்த ஒற்றை வரி. நான் அழித்தால் அழிந்துவிடும், எனக்கு அந்த அதிகாரம் இருந்தது. அரை நிமிடம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அச்செடுத்தேன். கூடவே கையால் ஒரு பக்கம் எழுதினேன்: திரையைப் பச்சையாக நிற்கும்படி மாற்றியது நான், இணைப்பை அறுத்தது நான், எப்சிபா கேட்டபோது தெரியும் என்று சொன்னது நான், பதினோரு நிமிடம் வாக்கி-டாக்கியை எடுக்காதது நான்.

மேனேஜர் வீட்டுக்குக் கிளம்பிக் காரில் ஏறிக்கொண்டிருந்தார். தாள்களை வாங்கி, நின்றபடியே இரண்டு முறை படித்தார். அவர் முகத்தில் முதலில் கோபம் இல்லை, சலிப்புதான் இருந்தது. முடிந்துபோன ஒரு விஷயத்தை எவனாவது மறுபடி இழுத்துக்கொண்டு வருவானா என்ற சலிப்பு.

"எல்லாம் எழுதி முடிச்சாச்சு. இதை உம்மகிட்ட யாருவே கேட்டா?"

"இசக்கி கேட்டான் சார்" என்றேன்.